தப்பாத கை

"ஏங் கைதான் தப்பிருச்சு."

அந்த அண்ணனை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் இந்தப் பேச்சுதான் எனக்கு வருகிறது. கீபோர்டில் டீயைக் கொட்டினது ஒரு டீச்சராக இருக்கும். "பக்கத்துல டம்ளர வைக்காதீகன்னு நானு சொல்லாம விட்டேன்ல, ஏங் கைதான் தப்பிருச்சு டீச்சர்" என்று அவர் முந்திக்கொள்வார். திருச்சுழி ரோட்டில் ஒரு லோடு ஆட்டோக்காரன் பார்க்காமல் பின்னால் எடுத்து இவருடைய வண்டியின் முன்சக்கரத்தை நெளித்துவிட்டான். கூட்டம் கூடி ஆட்டோக்காரனின் சட்டையைப் பிடித்துவிட்டது. கீழே கிடந்த இவர் எழுந்து கைலியில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டே, "விடுங்கப்பா, பிரேக்கு பிடிச்சதுல ஏங் கைதான் தப்பிருச்சு" என்றாராம். ஓரமாக நிறுத்தி வைத்திருந்த வண்டிக்கு எதற்கு பிரேக்கு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சட்டையை விட்டுவிட்டார்கள்.

"ஊருல எங்க எது ஒடஞ்சாலும் எங்க வீட்டாளு கைதான்மா" என்று அவர் வீட்டு மதினி சொல்லிச் சிரிக்கும். "இந்த வருசம் மழை இல்லேன்னாலும் இவுக கைதான் தப்பிருக்கும். போயி விசாரிச்சுப் பாரு."

அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர். எங்கள் வீட்டில் எல்லாரும் பாய் என்பார்கள். நான் மட்டும் அண்ணே என்பேன். அவருடைய பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அந்தப் பேச்சை நான் கடைசியாகக் கேட்டது எங்கள் வீட்டு முன்னறையில். அதோடு அவர் பிழைப்பு போயிற்று, ஊரைவிட்டும் போகவேண்டி வந்தது. அவர் கை அன்றைக்கும் தப்பவில்லை. தப்பினது என் கை.

எங்கள் வீடு தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருக்கிறது. மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பாவுக்கு, நூல் வியாபாரம். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர். என் வீட்டுக்காரர் துபாய்க்குப் போவதற்கு முன்னால் வாங்கி வைத்துவிட்டுப் போனது. மாமா அதில் நூல் ரேட்டு பார்ப்பார், ராசிபலன் பார்ப்பார், மணி பார்ப்பார். கூடத்துக் கடிகாரத்தை அத்தை பத்து நிமிஷம் கூட்டி வைத்திருப்பதால் அதன்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "கம்ப்யூட்டர் மணிதான் மணி. அது நேரா மேல இருந்து வருது" என்பார்.

மாமாவுக்கு மணி என்பது சாதாரண விஷயம் இல்லை. ராகு காலத்தில் ஒரு கோன் நூல்கூட எங்கள் வாசலைத் தாண்டாது. லோடு வந்து நின்றாலும் இறங்காது. டிரைவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். "ஏலே, இந்த வீட்டு ராகு முழிச்சு எந்திரிக்கட்டும்டா, அப்பறம் எறக்குவோம்" என்று ஒருவன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் கம்ப்யூட்டர் மணி கெட்டுப்போனது. காலையில் போட்டால் என்றைக்கோ கழிந்துபோன ஒரு வருஷத்தின் ஜனவரி ஒன்று, ராத்திரி பன்னிரண்டு என்று காட்டியது. மாமா திருத்தி வைப்பார். மறுநாள் மறுபடியும் ஜனவரி ஒன்று. அந்த அண்ணனுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வாரேன் மொதலாளி" என்றவர் நாலாம் நாள் வந்தார். சொன்ன நாளில் வருகிற வழக்கம் அவரிடம் கிடையாது. அதற்கும் கை தப்பியதாகத்தான் சொன்னார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் படுக்க வைத்து, ஒரு காதை அதன்மேல் வைத்துக் கேட்டார். "என்னய்யா, ஒனக்கு என்ன கொறச்சல் இந்த வீட்ல?" என்று பெட்டியிடம் விசாரித்தார். திருப்புளியும் மற்றச் சாமான்களும் அவருடைய மகளின் பழைய பென்சில் டப்பாவில் இருந்தன. மூடியில் ஒரு முயல் படம். கழற்றின திருகாணிகளைக் காப்பி கொண்டுவந்த சாஸரில் வரிசையாக அடுக்கினார். உள்ளே தறித் தெருப் பஞ்சு அப்பியிருந்தது.

"மொதலாளி, ஒரு தலகாணி தைக்கலாம் போலயே."

மாமாவே சிரித்துவிட்டார்.

உள்ளே இருந்து ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒன்றைக் கெல்லி எடுத்து என்னிடம் காட்டினார். "கரண்டு போனாலும் மணிய மறக்காம வச்சிருக்கிறது இந்தச் செல்லுதான் தங்கச்சி. இது செத்துப்போச்சு. அதான் தெனமும் புதுசாப் பெறந்த புள்ள மாதிரி முழிக்குது." புதுச் செல்லைச் சட்டையில் துடைத்துப் போட்டார். பிறகு திரையின் மூலையில் தட்டி மணியைத் திறந்தார். ஊர்ப் பேராக ஒரு நீளப் பட்டியல் வந்தது.

"நம்ம எந்த ஊர்ல இருக்கோம்னு இதுக்குச் சொல்லணும். அருப்புக்கோட்டைன்னு இருக்காது. சென்னைன்னு போட்டா நமக்கும் சேத்துத்தான்."

பட்டியலை உருட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இந்தா, ஏ எழுத்துல ஆரம்பிக்குதுல்ல, அபுதாபி. துபாய்க்கும் இதே மணிதான், ஒங்க வீட்டுக்காரர் மணி. நானும் ஒம்பது வருசம் இந்த மணியிலதான் முழிச்சேன்." அதைத் தட்டினார். மணி ஒன்றரை மணி நேரம் பின்னால் போனது. நான் ஓர் எட்டு கிட்டே வந்துவிட்டேன். உடனே சி எழுத்துக்குப் போய்ச் சென்னையைத் தட்டி மூடிவிட்டார். காப்பியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். எந்த வீட்டிலும் அவர் பாதிக் காப்பிதான் குடிப்பார்.

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விட்டேன். கூட்டல் வரும், கழித்தல் வராது என்று இல்லை. பயம் வந்தால் இரண்டும் வராது. எனக்கோ எப்போதும் பயம். என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு குளிர்க் கிடங்கில் வேலை பார்க்கிறார். அந்த ஊர் மணிக்குக் காலை ஆறுக்கு மேல் கூப்பிடு என்று சொல்லியிருந்தார். அங்கே மணி முந்தியா பிந்தியா என்று யோசித்து யோசித்து, கூட்டிவிட்டேன். கழிக்கவேண்டியதை. இங்கே விடிந்து ஆறு மணிக்கு நான் அடித்த போன் அங்கே நாலரைக்கு அடித்திருக்கிறது. எட்டுப் பேர் படுத்திருக்கிற அறை. எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

"ஒண்ணரை மணி நேரம் கழிக்கத் தெரியாதா ஒனக்கு? எட்டாப்பு வரைக்கும் என்னத்தப் படிச்ச?" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பின்னால் மற்றவர்களும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பல நாள் போகவில்லை.

அதனால்தான் மாமா கடைத்தெருவுக்குப் போனதும் நான் முன்னறைக்குள் போக ஆரம்பித்தேன். மூலையைத் தட்டி, ஏ எழுத்து ஊரைத் தட்டினால் போதும். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டுக்குள்ளேயே அவர் மணி ஓடும். இப்போது சாப்பிடப் போயிருப்பார், இப்போது வண்டி ஏறியிருப்பார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மாமா வருகிற சத்தம் கேட்டால் சி எழுத்துக்கு மாற்றிவிட்டு எழுந்துவிடுவேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது தெரியும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மாற்றி வைக்க மறந்துவிட்டேன். சாயங்காலம் மாமா முன்னறையில் சத்தம் போட்டார். "திரும்பவும் மணி தப்பாக் காட்டுது! எங்க அந்த பாய்?"

நான் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டேன். துணி ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை மறுநாளே வந்தார். மூலையைத் தட்டினார். பட்டியல் திறந்தது. அது அபுதாபியில் நின்றிருந்தது. நான் கதவோரம் சாஸரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாஸரில் டம்ளர் ஆடிச் சத்தம் வந்தது.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. செல்லு மாத்துன அன்னைக்கு ஊர மாத்திப் போட்டுட்டேன். ஏங் கைதான் தப்பிருச்சு."

"ஒரு மாசமாச் சரியாத்தான ஓடுச்சு?"

"சில பெட்டிக்கு மெதுவாத்தான் ஒறைக்கும் மொதலாளி."

மாமா அதை நம்பினார். தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்த அண்ணனிடம் நான் செம்பை நீட்டினேன். அண்ணாந்து குடித்துவிட்டு, குரலைத் தணித்து, "அந்த ஊருக்குப் போனா அங்கயே இருந்துறாதீக தங்கச்சி. பாத்துட்டு நம்ம ஊருக்கு வந்துருங்க" என்றார். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.  ஆக, அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்று ஒரு சாக்கு எனக்குக் கிடையாது.

அந்த அண்ணன் துபாயிலிருந்து ஊருக்கு வந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். வந்த கதையை எங்கள் வீட்டில் ஒரு தடவை சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியோடு வாசலில் போய் நின்றிருக்கிறார். பத்தாவது படிக்கிற மகள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்துருக்காக" என்று உள்ளே ஓடிவிட்டாளாம்.

"யாரோ வந்துருக்காகளாம் மொதலாளி! சரின்னு நானும் சேர்ல ஒக்காந்து, 'அம்மா இருக்காகளா'ன்னு கேட்டேன்." சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அத்தை மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்தது. "இனி நாலு காசு கூடக் கெடச்சாலும் அந்தப் பக்கம் போறதில்ல மொதலாளி. இங்கனயே கெடந்துக்கிடுறேன்" என்றார்.

இங்கனயே கிடப்பதற்கு அவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. எங்கள் ஆட்கள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது கம்ப்யூட்டர் இருந்தது. அத்தனையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிரந்தரமாகப் போடுவதாகப் பேச்சு. கமிட்டியில் மாமா இருந்தார். "நான் பாத்துக்கிடுறேன் பாய். அடுத்த கூட்டத்துல ஒம்ம பேரச் சொல்லிருவேன்" என்று வாக்கு கொடுத்திருந்தார். அது கிடைத்துவிட்டால் வண்டியில் வீடுவீடாக அலைய வேண்டாம். மதினி அந்தக் கூட்டம் எப்போது என்று என்னிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறது.

அப்போதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

புதன்கிழமை மாமாவுக்கு எண்ணெய்க் குளியல். கைக்கடிகாரத்தையும் போனையும் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக் கொல்லை வெயிலில் உட்கார்ந்தால் சீக்கிரம் எழமாட்டார். துபாயில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அங்கே பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று சொல்லியிருந்தார். நான் முன்னறைக்குப் போய் ஏ எழுத்து ஊரைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்தானது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. என்னென்னவோ நினைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றேன். மணியை மாற்றவில்லை.

அன்றைக்குத்தான் என் நாத்தனாரின் சாதகத்தையும் போட்டோவையும் காரியாபட்டியில் ஒரு வீட்டுக்கு மாமா கம்ப்யூட்டரில் அனுப்புவதாக இருந்தது. மாப்பிள்ளை மதுரையில் வேலை பார்க்கிறான், நல்ல இடம் என்று ஒரு மாதமாகப் பேச்சு. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும். அதற்குள் அனுப்பிவிட வேண்டும். மாமா குளித்து, விபூதி பூசி, சாமி கும்பிட்டுவிட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார்.

"நேரம் கெடக்கு. இன்னும் பதினொண்ணு ஆகல. காப்பி கொண்டாம்மா" என்று குரல் கொடுத்தார்.

நான் நிமிர்ந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்து. அத்தை கூட்டி வைத்த பத்தைக் கழித்தால் பன்னிரண்டு இருபத்தைந்து. அந்தக் கழித்தல் மட்டும் எனக்கு உடனே வந்தது.

ஓடிப்போய், மாமா மணி தப்பு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்பார். நீ எதுக்கு அதைத் தொட்ட என்று கேட்பார். புருஷன் மணி பார்க்கத் தொட்டேன், எனக்குக் கணக்கு வராது என்று நான் சொல்லவேண்டும். காப்பியை ஆற்றினேன். ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டே நின்றேன். "போயிருச்சு! பதினொண்ணு பத்து" என்று மாமா சத்தமாகச் சொல்லி, டைரியிலும் எழுதிக்கொண்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது கூடத்துக் கடிகாரம் ஒன்று அடித்தது. "ஒங் கடிகாரத்துக்குப் பைத்தியம் முத்திப்போச்சுடி" என்று அத்தையை வைதார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே நான் முன்னறைக்குப் போய்ச் சென்னையைத் தட்டிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து போன் செய்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது.

எட்டு நாள் கழித்துக் காரியாபட்டிக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். மாமா விடாமல் காரணம் கேட்டிருக்கிறார். "புதன்கெழம பன்னெண்டு நாப்பதுக்கு அனுப்பியிருக்கீக. ராகு காலத்துல வந்த சாதகத்தத் தொறக்கவே விடமாட்டேனுட்டாக எங்க ஆத்தா" என்றார்களாம். அது ஒரு சாக்காகவும் இருக்கலாம். இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அன்றைக்கு மாமா போனை வைத்தபோது முகம் கறுத்துவிட்டது. நாத்தனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அந்த அண்ணன் கூப்பிட்ட அரை மணி நேரத்தில் வந்தார். அவர் அப்படி உடனே வந்தது அது ஒரு தடவைதான். பள்ளிக்கூடத்து விஷயம் என்று நினைத்திருப்பார் போல, சலவைச் சட்டை போட்டிருந்தார். முன்னறையில் கமிட்டியைச் சேர்ந்த இன்னொரு வியாபாரியும் உட்கார்ந்திருந்தார். மாமா நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

"அவுகளுக்கு எத்தன மணிக்குப் போயிருக்கு மொதலாளி?"

"பன்னெண்டு நாப்பது."

"நம்ம பெட்டியில?"

"பதினொண்ணு பத்துய்யா! டைரியில எழுதி வச்சிருக்கேன், பாரும்."

அவர் டைரியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கதவோரம் காப்பியோடு நின்றேன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார். உண்மையாகவே கொடுத்தார், அது எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். நாத்தனார் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்கிற பேர் வந்துவிட்டால் சாகிற வரைக்கும் போகாது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஏங் கைதான் தப்பிருச்சு மொதலாளி" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "போன தடவ வந்தப்ப ஊரச் சரியா வைக்கல. அதான் அப்பப்பத் தானா மாறி ஓடியிருக்கு."

"ஒம் மகளுக்கு வந்த எடம் இப்பிடித் தட்டிப் போயிருந்தா, கைதான் தப்பிருச்சும்பியாய்யா நீ?"

அவர் சலவைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒத்தப் பெட்டியில மணிய வைக்கத் தெரியல. முப்பது பெட்டிய ஒன்ன நம்பி எப்பிடிய்யா விடுறது?" மாமா பக்கத்திலிருந்த வியாபாரியைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சரி மொதலாளி. வாரேன்."

காப்பியைத் தொடவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு செருப்பு திரும்பிக்கொண்டது. இரண்டு தடவை காலை விட்டுப் பார்த்தார். அதைக்கூட நான் குனிந்து திருப்பி வைக்கவில்லை.

பள்ளிக்கூடத்து வேலையை மதுரை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாமா போகிற இடமெல்லாம் சொன்னார். சாதகத்தை ராகு காலத்தில் அனுப்ப வைத்த ஆள் என்று கடைத்தெருவில் ஒரு பேர் விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் கை தப்பிருச்சு என்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர்கள் இப்போது அதையெல்லாம் எண்ணிச் சேர்த்தார்கள். அன்னைக்கு என் பிரிண்டரும் அவன் கையிலதான் போச்சு, என் கேமராவும் அவன் கையிலதான் போச்சு என்றார்கள். எதுவும் அவர் கையில் போனதில்லை. எல்லாம் அவரே ஒத்துக்கொண்டவை. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். நாலு மாதத்தில் மறுபடியும் துபாய்க்குப் போய்விட்டார். வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் வேலை கிடைக்கவில்லை, ஏதோ கட்டடத்தில் சாமான் காவல் என்று கேள்விப்பட்டேன்.

மாமா, அது நான்தான். மூன்றே வார்த்தை. அந்த நாலு மாதமும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாத்திரம் துலக்கும்போது சொல்லிப் பார்ப்பேன், குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். முன்னறை வாசலுக்குப் போனால், "மாமா, காப்பி கொண்டாரவா" என்றுதான் வாயில் வரும். அந்த நாளிலெல்லாம் மாமா தினமும் ஏழெட்டுக் காப்பி குடித்தார்.

நாத்தனாருக்கு அந்த வருஷமே வேறு இடம் அமைந்தது. அருமையான மாப்பிள்ளை. காரியாபட்டி தட்டிப்போனதே நல்லதுக்குத்தான் என்று அத்தையே சொல்லும். கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் பலகாரம் எடுத்துக்கொண்டு நான் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினேன். உருவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏ எழுத்து, சி எழுத்து, கூடத்துக் கடிகாரம், அவர் என்னைப் பார்த்த பார்வை.

மதினியின் கை நின்றுவிட்டது.

"இத அவுக எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

நான் கீரையை உருவிக்கொண்டே இருந்தேன்.

"பஸ்ஸு ஏறுற வரைக்கும் ஏசுனேன்மா. ஒத்த மணியச் சரியா வைக்கத் தெரியாத கை அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போகுதுன்னு கேட்டேன். மக முன்னாடி கேட்டேன். ஏங்கிட்டயும் கைதான் தப்பிருச்சுன்னாக." கீரையைத் தட்டில் போட்டது. "சிரிச்சுக்கிட்டே ஏறுனாக."

உள்ளே மகள் பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. மதினி என் பக்கம் திரும்பியது.

"ஒம் மாமனாருக்குத் தெரியுமா?"

"இல்ல மதினி."

"அப்ப எங்கிட்ட எதுக்கும்மா வந்து சொன்ன?"

வைது கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டது.  எழுந்து வந்துவிட்டேன்.

நேரே முன்னறைக்குப் போனேன். காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. "மாமா, அன்னைக்குக் கம்ப்யூட்டர் மணிய மாத்துனது பாய் இல்ல. நாந்தான்" என்றேன்.  சொல்லிவிட்டேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யாரு, நீயா? ஒனக்கு அதத் தொறக்கத் தெரியுமா தாயி? எட்டாப்புப் புள்ள." சிரிப்பு அடங்கினதும், "பாய் வீட்டுக்குப் போனியாக்கும். அந்தப் பொண்ணு அழுதுச்சாக்கும்" என்றார்.

"இல்ல மாமா, நெசமா நாந்தான்."

"அந்தாளே ஏங் கண்ணு முன்னாடி ஒத்துக்கிட்டாரும்மா. இதுக்கு மேல என்ன வேணும்? ஒனக்கு எளகின மனசு. அதுக்காக அடுத்தவன் செஞ்சதத் தூக்கித் தலையில வச்சுக்கிறதா? போ, போயி வேலையப் பாரு."

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மவுஸ் என் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. நாலு தட்டுத் தட்டி, இந்தா பாருங்க, எனக்குத் தெரியும் என்று மாற்றிக் காட்டியிருக்கலாம். மாமா நம்பியிருப்பார். நம்பிவிடுவார் என்பதுதான் பயமாக இருந்தது. மேஜைமேல் இருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

போன வாரம் நாத்தனாரின் மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடும்போது மாமா இந்தக் கதையைச் சொன்னார். இப்போதெல்லாம் யார் வந்தாலும் சொல்கிறார். "எங்க மருமக இருக்காளே, யாரோ ஒருத்தன் பண்ணுன தப்ப நாந்தான் பண்ணுனேன்னு வந்து நின்னா பாருங்க. அவன் குடும்பம் கஷ்டப்படுதாம். இந்தக் காலத்துல இப்பிடி மனசு யாருக்குங்க வரும்?"

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவர்களுக்கு. "புண்ணியவதிம்மா நீ" என்றார்கள்.

"இன்னும் ரெண்டு வடை வைக்கட்டுமா அத்தே?" என்று கேட்டேன்.